இரண்டு முள்ளில் நிற்பதற்கு முன்: பாரம் குறைந்த ஸ்கீ பைண்டிங் தெரிவு செய்வது

எங்கள் வீட்டுச் சமையலறைத் தராசு இடியப்ப மாவைவிட ஸ்கீ பைண்டிங்கைத்தான் அதிகம் நிறுத்திருக்கிறது. சுவிற்சர்லாந்தில் தூன் நகரத்து விளையாட்டுப் பொருட்கள் கடை ஒன்றின் பட்டறையில் எனக்கு வேலை. பதினோரு குளிர்காலமாக ஸ்கீயில் துளை போட்டுப் பைண்டிங் (சப்பாத்தை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பொறி) பூட்டுகிறேன். புதுச் சரக்கு வந்தால் ஒரு சோடியை வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்துப் பார்ப்பேன். பெட்டியில் அச்சடித்திருக்கும் எடை பல நேரம் ஸ்க்ரூ, பிரேக், நீளம் மாற்றும் தட்டு எதுவும் சேராத எடை. எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால் முள் வேறு இடத்தில் நிற்கும்.

முள் என்றதும் அம்மாதான் ஞாபகத்துக்கு வருகிறார். முதல்முறை தராசிலிருந்த பைண்டிங்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். முன்துண்டில் எதிரெதிரே இரண்டு சின்ன உருக்கு முனைகள். பின்துண்டில் விரல் நீட்டினதுபோல இன்னும் இரண்டு. "உந்த ரெண்டு முள்ளிலயே பிள்ளை நீ மலையால இறங்கப்போறாய்?" என்றார். பட்டறையில் எல்லோரும் அதைப் 'பின்' என்பார்கள். தமிழில் எழுதும்போது முன், பின் என்று குழம்பும். அம்மா வைத்த பெயரே இருக்கட்டும்.

இதை எழுதுவது இரண்டு விதமான ஆட்களுக்கு. லிஃப்ட் இல்லாமல், ஸ்கீயின் அடியில் தோல் ஒட்டி மலையேறி, உச்சியில் தோலை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்குகிறவர்கள் ஒரு விதம், இதை டூரிங் என்பார்கள். அதையே மணிக்கூட்டைப் பார்த்துப் போட்டியாகச் செய்கிறவர்கள் இன்னொரு விதம். (தோல் என்பது பெயருக்குத்தான். முன்பு கடல்நாய்த் தோல், இன்று நைலோனும் மொஹேரும்.) 2026 குளிர்கால ஒலிம்பிக்கில் போர்மியோவில் இந்தப் போட்டியும் நடந்ததால், கடைக்கு வந்து "ரேஸ் பைண்டிங் காட்டுங்கள்" என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு ரேஸ் பைண்டிங் தேவையில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த முள் முறையை 1980களில் கண்டுபிடித்தவர் ஃப்ரிட்ஸ் பார்தெல் என்ற ஆஸ்திரியர். டைனாஃபிட் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பிருந்த டூரிங் பைண்டிங்கில், ஏறும்போது சப்பாத்தோடு சேர்ந்து ஒரு உலோகச் சட்டமும் ஒவ்வொரு அடிக்கும் மேலே எழும்பும். பார்தெல் சட்டத்தை எடுத்துவிட்டுச் சப்பாத்தையே சட்டமாக்கினார். சப்பாத்தின் மூக்கில் இரண்டு பக்கமும் சின்னக் குழி, முன்துண்டின் முள் அதற்குள் போய்ப் பிடிக்கும். சப்பாத்து அந்த அச்சில் சுழலும், குதிக்கால் சுதந்திரமாக எழும்பும். இறங்கும்போது பின்துண்டின் இரண்டு முள்ளும் குதிக்காலில் பதித்த உலோகத்துக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு இத்தாலியின் ஏடிகே, பிரான்சின் ப்ளூம் போன்றவர்கள் இதே கொள்கையில் இன்னும் மெல்லிய பைண்டிங் செய்யத் தொடங்கினார்கள்.

எடையைப் பார்த்தால் கடையின் அலமாரி மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு இப்படி இறங்கும். 100 கிராமிலிருந்து 150 கிராம் வரை ரேஸ். டைனாஃபிட் லோ டெக் ரேஸ் 105 மாதிரிச் சிலதற்கு எடையே பெயர். 150 முதல் 250 வரை, ரேஸின் எலும்பில் கொஞ்சம் வசதி சேர்த்தவை. 250 முதல் 400 வரை சாதாரண டூரிங். சலமோன் எம்டிஎன், அதன் இரட்டைப் பிறவியான அட்டோமிக் பேக்லாண்ட், மார்க்கர் அல்பினிஸ்ட் எல்லாம் இந்த இரண்டாம் மூன்றாம் தட்டுகளின் எல்லையில் நிற்கும். ஐந்நூறைத் தாண்டினால் சறுக்கலை முதன்மையாக நினைக்கிறவர்களின் உலகம்: ஃப்ரிட்ஸி டெக்டன், சலமோன் ஷிஃப்ட். இவை எல்லாம் ஒரு காலுக்கான எடை. சோடிக்கு இரண்டால் பெருக்குங்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நான் 58 கிலோ. உடுப்பு, பை, ஸ்கீ, சப்பாத்து எல்லாம் சேர்த்தால் 72. 350 கிராம் பைண்டிங்கை விட்டு 150 கிராமுக்கு மாறினால் இரண்டு காலிலும் சேர்த்து 400 கிராம் மிச்சம். மொத்தத்தில் அது நூற்றுக்கு அரை வீதத்தை ஒட்டித்தான் வருகிறது. மூன்று மணிநேர ஏற்றத்தில் அரை வீதம் என்றால் ஒரு நிமிடம். காலில் இருக்கும் பாரம் முதுகில் இருப்பதைவிடக் களைப்புத் தரும் என்பது உண்மை. அதற்காக நாலு மடங்கு போட்டாலும் நாலு நிமிடம். அந்த நாலு நிமிடத்துக்கு எதை விற்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. அதனால் "லேசானது எது?" என்று கேட்டு வருகிறவரிடம் நான் "எப்படி இறங்குவீர்கள்?" என்று திருப்பிக் கேட்பேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை.

முதலில் விற்கப்படுவது விடுவிப்பு. விழும்போது சப்பாத்து பைண்டிங்கிலிருந்து கழன்று கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் முழங்காலோ கணுக்காலோ கொடுக்கும். முள் பைண்டிங்கில் பெரும்பாலும் இரண்டு விடுவிப்பும் பின்துண்டில்தான் நடக்கிறது. பக்கவாட்டில் முறுக்கினால் பின்துண்டின் தலை திரும்பும். முன்னால் விழுந்தால் பின் முட்கள் இரண்டும் விரிந்து குதிக்காலை விடும். (ஃப்ரிட்ஸியின் டெக்டன் போலச் சிலது பக்கவாட்டு விடுவிப்பை முன்துண்டிலேயே செய்யும். எடை கூடுவதற்கு அது ஒரு காரணம்.) டூரிங் மாடல்களில் இரண்டுக்கும் தனித்தனி ஸ்க்ரூ இருக்கும். எடை, உயரம், வயது, சப்பாத்தின் அடி நீளம், எவ்வளவு வேகமாகச் சறுக்குகிறீர்கள் என்பதை வைத்து அட்டவணை ஒரு எண் தரும். எனக்கு 5-ஐ ஒட்டி வரும். அந்த எண்ணுக்குத் திருகிவைப்போம்.

ரேஸ் பைண்டிங்கில் பெரும்பாலும் திருக எதுவும் இல்லை. பின்துண்டுக்குள் குதிரை லாடம்போல வளைத்த ஒற்றைக் கம்பி, அதன் இரண்டு நுனியும்தான் முட்கள். கம்பியின் விறைப்பு எவ்வளவோ அவ்வளவுதான் முன்விழும் விடுவிப்பு. பல மாடல்களில் பக்கவாட்டுக்கும் இதே கதைதான். ஒரு 80 கிலோ ஆண் போட்டியாளனுக்காக வளைத்த கம்பி என் முழங்காலைக் காப்பாற்றாது. ஆகவே வாங்குமுன் இரண்டு விஷயம் கேளுங்கள்: கம்பி எத்தனை விறைப்பில் கிடைக்கிறது, பக்கவாட்டைத் திருகலாமா. சலமோனும் அட்டோமிக்கும் தங்கள் எம்டிஎன்னுக்கும் பேக்லாண்டுக்கும் மூன்று விறைப்பில் கம்பி தருகிறார்கள். பட்டறையில் ஐந்து நிமிடத்தில் மாற்றலாம். என் எடையில் உள்ள ஆட்களுக்கு அதையே முதலில் காட்டுவேன். 65 கிலோவுக்குக் கீழ் இருந்து, பெட்டியில் ஒரே ஒரு கம்பிதான் இருக்கிறது என்றால் அதை வைத்துவிட்டு வாருங்கள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி.

இதோடு சேர்ந்த இன்னொன்று முன்துண்டின் நெம்பு. ஏறும்போது அதை மேலே இழுத்துப் பூட்டுவோம், இல்லாவிட்டால் சாய்வான சரிவில் திரும்பும்போது சப்பாத்து கழன்றுவிடும். இறங்கும்போது கீழே தட்டித் திறந்துவிடவேண்டும். பூட்டியபடி இறங்கினால் பைண்டிங் பக்கவாட்டில் அநேகமாக விடவே விடாது. பனிச்சரிவு அடித்தால் ஸ்கீ இரண்டும் நங்கூரமாகி ஆளைக் கீழே இழுக்கும். எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் நானே இதில் பிழை விட்டிருக்கிறேன். கன்ட்ரிஷ் பக்கம் ஒரு பின்னேரம், இருட்டுக்கு முன் இறங்கிவிடவேண்டும் என்ற அவசரம். இடது காலின் நெம்பைத் திறக்கவில்லை. கனத்த ஈரப்பனியில் ஸ்கீயின் நுனி புதைந்தது, உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. முழங்காலின் உட்பக்க நார் பாதி கிழிந்து, பத்துக் கிழமை பட்டறையில் கதிரையில் இருந்தபடியே வேலை செய்தேன். பைண்டிங்கில் ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் இறங்குமுன் குனிந்து இரண்டு நெம்பையும் கையால் தொட்டுப் பார்ப்பேன். கூட வருகிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சில பழைய ரேஸ் முன்துண்டுகள் சப்பாத்தை வைத்த உடனே தானாகப் பூட்டிக்கொள்ளும். பழைய சாமான் வாங்குகிறவர்கள் கடையிலேயே சப்பாத்தை வைத்து இதைச் சோதியுங்கள்.

இரண்டாவதாக விற்கப்படுவது குதிக்கால் உயரம். சரிவு செங்குத்தாகும்போது குதிக்காலுக்குக் கீழே ஒரு படி வைத்தால் கெண்டைக்கால் தப்பிக்கும். டூரிங் மாடல்களில் தட்டை, நடு, உயரம் என்று மூன்று நிலை இருக்கும். ரேஸில் முள்ளுக்கு மேல் மடியும் ஒரு சின்ன மூடிதான், ஒரே உயரம். பின்துண்டைத் திருப்பத் தேவையில்லாமல் மூடியைத் தட்டினால் போதும் என்பதால் வேகம். ஸ்பிரின்ட் போட்டி முழுவதும் மூன்று நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். அங்கே பைண்டிங்கைக் குனிந்து திருப்ப ஐந்து விநாடி எடுத்தால் வீட்டுக்குப் போகலாம். ஆனால் பல ரேஸ் மாடல்களில் தட்டை நிலை கிடையாது, அல்லது பின்துண்டைத் திருப்பினால்தான் கிடைக்கும்.

இது ஒரு சின்ன விஷயம் என்றுதான் நானும் நினைத்தேன். பத்ருய் தெ கிளாசியே என்று சுவிஸ் இராணுவம் நடத்தும் போட்டி இருக்கிறது. மூன்று பேர் ஒரு அணி, செர்மாட்டிலிருந்து வெர்பியே வரை. எங்களைப்போன்ற மனிதர்களுக்கு அரோலாவிலிருந்து தொடங்கும் சின்ன வழி, சுமார் 30 கிலோமீற்றர். கோல் தெ ரீட்மாத்தனைக் கடந்து இறங்கினால் லக் தெ டிக்ஸ் ஏரி. அதன் கரையோடு கிலோமீற்றர் கணக்கில் ஏறக்குறைய தட்டையான பாதை. கடன் வாங்கிய ரேஸ் பைண்டிங்கில், உயரமான செருப்புப் போட்டு நடப்பதுபோல, குதிக்கால் தூக்கியபடியே அந்த ஏரியை முடித்தேன். ரோசாப்ளாஞ்சின் செங்குத்தான ஏற்றம் வந்தபோது கால் முன்பக்கத் தசை முதலே தீர்ந்துபோயிருந்தது. நூறு கிராம் கூடிய, தட்டை நிலை உள்ள பைண்டிங் எனக்கு அன்று நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கும். உங்கள் வழியின் வரைபடத்தைப் பாருங்கள். நீண்ட பள்ளத்தாக்கு நடையா, தொடக்கத்திலிருந்தே ஏற்றமா?

பிரேக் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. கழன்ற ஸ்கீ கீழே ஓடிவிடாமல் பனியில் குத்தி நிறுத்துவது பிரேக். ஒரு காலுக்கு நூறு கிராம் அளவில் அது எடுக்கும். அதைக் கழற்றிவிட்டுச் சப்பாத்துக்கும் பைண்டிங்குக்கும் நடுவே ஒரு நாடா கட்டுகிறார்கள். பனிப்பாறையில் நாடாதான் நல்லது, கழன்ற ஸ்கீ வெடிப்புக்குள் போய்விடாது. காட்டுச் சரிவிலும் பனிச்சரிவு அபாயம் உள்ள இடத்திலும் எனக்கு நாடா பிடிக்காது, ஸ்கீ ஆளோடு சேர்ந்து உருளும். குறிப்பிட்ட இழுப்பில் அறுந்துபோகும்படி செய்த நாடா கிடைக்கிறது, அதை வாங்குங்கள். பிஸ்டில் (லிஃப்ட் பக்கத்துச் சமன்செய்த சறுக்குப் பாதையில்) இரவு நேரம் ஏறி இறங்குகிறவர்கள் பிரேக்கோடு இருங்கள். இரண்டும் இல்லாமல் திரிகிறவரின் ஸ்கீ ஒருநாள் கீழே நிற்கும் பிள்ளையின் காலில் வந்து முடியும்.

மூன்றாவது, பலர் கடைசியில்தான் கேட்பது: சப்பாத்து மாறினால் என்ன செய்வது? ரேஸ் பின்துண்டு நேராக ஸ்கீயில் திருகப்படும், முன்னே பின்னே நகராது. ஒரே கால் அளவுள்ள இரண்டு சப்பாத்துக்கு அடி நீளம் ஐந்து, பத்து மில்லிமீற்றர் வித்தியாசப்படும். சப்பாத்தை மாற்றினால் புதுத் துளை போடவேண்டும். பழைய துளைக்கு அருகே போடவும் முடியாது. ஒரு மெல்லிய ஸ்கீ இரண்டு தடவை துளையைத் தாங்கும், மூன்றாவது தடவை கேட்டு வருகிறவரை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். நீளம் மாற்றும் தட்டு நாற்பது கிராம் அளவில்தான். முதல் சோடி வாங்குகிறவர், தங்கையோடு ஸ்கீயைப் பகிர்கிறவர், இன்னும் தனக்கேற்ற சப்பாத்தைக் கண்டுபிடிக்காதவர் எல்லோரும் தட்டோடு எடுங்கள். உண்மையில் சப்பாத்துத்தான் முதலில் வாங்கவேண்டியது. கணுக்கால் தாராளமாக அசையும், காலுக்கு வடிவாகப் பொருந்தும் சப்பாத்து ஏற்றத்தில் தரும் லாபத்தை எந்தப் பைண்டிங்கும் தராது.

பனிக்கத்தி போடும் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜெர்மனில் ஹார்ஷ்ஐசென் என்பார்கள். வசந்தகாலக் காலையில் பனி கண்ணாடிபோல இறுகியிருக்கும்போது தோல் வழுக்கும், அந்த நேரம் ஸ்கீக்குக் குறுக்கே பைண்டிங்கில் செருகும் பற்கள் உள்ள தகடு அது. பல ரேஸ் முன்துண்டில் அதற்கான செருகி கிடையாது. சில கிராமில் தனியாக வாங்கிப் பூட்டலாம், ஆனால் பைண்டிங்கோடு சேர்த்தே பூட்டவேண்டும். ஏப்ரலில் நினைவு வந்து ஓடிவருகிறவர்களுக்காக முழு முன்துண்டையும் கழற்றியிருக்கிறேன்.

போட்டிக்கென்றே வாங்குகிறவர்கள் விதிப் புத்தகத்தை முதலில் வாசியுங்கள். சர்வதேச விதிப்படி ஸ்கீ ஆண்களுக்கு 160 சென்ரிமீற்றருக்கும் பெண்களுக்கு 150க்கும் குறையக்கூடாது. பைண்டிங், நாடா, கருவிகள் பற்றி ஒவ்வொரு போட்டிக்கும் தனிக் குறிப்பு இருக்கும், தொடக்கக் கோட்டுக்கு முன் சோதிப்பார்கள்.

சரி, தெரிவு முடிந்தது. பூட்டும் வேலை இருக்கிறது. வீட்டில் செய்யாதீர்கள் என்று சொல்வது என் தொழில் ஆசை என்று நினைக்கலாம். செய்வதானால் காகித மாதிரியை நம்பாமல் உலோக ஜிக் (துளை விழவேண்டிய இடத்தைக் காட்டும் அச்சு) வைத்துச் செய்யுங்கள். துளைக் கம்பியின் தடிப்பும் ஆழமும் பல ஸ்கீயின் மேலேயே அச்சிட்டிருக்கும். உலோகத் தகடு இல்லாத மெல்லிய ஸ்கீக்குப் பெரும்பாலும் 3.6 மி.மீ. ஆழத்தைத் தாண்டாமலிருக்கத் துளைக் கம்பியில் ஒரு தடுப்பு வளையம் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஸ்கீயின் அடிப்பக்கத்தில் ஒரு குமிழ் எழும்பும். அதைப் பார்த்த முகங்களை நான் பல தடவை கண்டிருக்கிறேன். ஸ்க்ரூத் தலையைக் கவனியுங்கள்: பலதுக்கு போசிட்ரைவ் 3, ஏடிகேக்கு டொர்க்ஸ் 20. சாதாரண நட்சத்திர (பிலிப்ஸ்) திருப்புளியால் போசிட்ரைவைத் திருகினால் தலை தேய்ந்துவிடும். மின் துரப்பணத்தால் இறுக்கவேண்டாம், கடைசிச் சுற்றுகள் கையால்தான். மெல்லிய ஸ்கீயின் உள்ளே இருப்பது இலேசான மரம், ஒரு சுற்றுக் கூடினால் மரை கழன்றுபோகும். துளையில் பசை விடுங்கள், ஒரு இரவு காயவிடுங்கள்.

அடுத்தது பின்துண்டுக்கும் குதிக்காலுக்கும் நடுவே உள்ள இடைவெளி. ஸ்கீ வளையும்போது குதிக்கால் பின்துண்டை நோக்கித் தள்ளும், அதற்கு இடம் வேண்டும். மாடலைப் பொறுத்து 4 மி.மீ., 5.5 மி.மீ. என்று இருக்கும். சிலதில் பின்துண்டே ஸ்பிரிங்கில் நகரும் என்பதால் இடைவெளியே தேவையில்லை. பெட்டியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு வரும், அதுதான் அளவு. குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

பிறகு வீட்டுக் கம்பளத்தில் சப்பாத்தைப் போட்டு நில்லுங்கள். முன்முள் இரண்டும் குழிக்குள் சமமாக உட்கார்ந்ததா? நெம்பைப் பூட்டாமல் காலை நாலைந்து தடவை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், கழரக்கூடாது. மலையிலும் இதே பழக்கம்: குழிக்குள் பனி இறுகியிருந்தால் ஆட்டத்தில் வெளியேறும். முன்துண்டின் சிறகுகளுக்குக் கீழே பனி அடைத்தால் நெம்பு முழுதாக மேலே வராது, பூட்டின மாதிரித் தெரிந்தும் பூட்டியிருக்காது. அதைக் குத்தியெடுக்க ஸ்கீத் தடியின் நுனி போதும். கையுறையோடு ஒருமுறை எல்லாவற்றையும் செய்து பாருங்கள். வெறுங்கையில் சுலபமாக இருந்த மூடி, பெரிய கையுறையில் பிடிபடாமல் போகும். கடையில் யாரும் கையுறை போட்டுப் பார்ப்பதில்லை, எனக்கு இது இன்னும் ஆச்சரியம்.

முதல் நாள் பெரிய மலைக்குப் போகவேண்டாம். பழக்கமான ஒரு சின்னச் சரிவில் மூன்று தடவை ஏறி இறங்கி, ஏற்றத்திலிருந்து இறக்கத்துக்கு மாற்றுவதைக் கை பழகும்வரை செய்யுங்கள். நாலைந்து பயணத்துக்குப் பிறகு ஸ்க்ரூக்களைக் கையால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், ஏதாவது திரும்பினால் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். பருவம் முடிந்ததும் விடுவிப்பைச் சோதிக்கும் இயந்திரத்தில் வைத்துப் பார்ப்போம். கம்பி தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம், பைண்டிங் முழுவதையும் எறியத் தேவையில்லை.